குறுநடைக் குழந்தைகளின் பழ உணவும் செரிமானமும்

குறுநடைக் குழந்தைகள் எனப்படும் ஒன்று முதல் மூன்று வயது வரையிலான குழந்தைகளின் உணவில் பழங்கள் உயிர்ச்சத்து, பொட்டாசியம், நார்ச்சத்து ஆகியவற்றைத் தருகின்றன. அவற்றில் உள்ள சர்க்கரைகளும் நார்ச்சத்தும் குழந்தையின் மலத்தின் தன்மையை நேரடியாக மாற்றக்கூடியவை. ஒரே பழம் ஒரு குழந்தைக்கு மலச்சிக்கலைத் தீர்க்கவும், மற்றொரு குழந்தைக்கு நாள்பட்ட வயிற்றுப்போக்கை உண்டாக்கவும் கூடும். பழத்தின் வகை, அளவு, கனிந்த நிலை, அது கடித்து உண்ணப்படுகிறதா அல்லது சாறாகக் குடிக்கப்படுகிறதா என்பனவே இந்த வேறுபாட்டுக்குக் காரணம்.

பழச் சர்க்கரை உறிஞ்சப்படும் முறை

பழங்களில் குளுக்கோசு, புருக்டோசு, சுக்குரோசு ஆகிய மூன்று சர்க்கரைகள் வெவ்வேறு விகிதங்களில் உள்ளன. குளுக்கோசு சிறுகுடலில் விரைவாகவும் ஏறக்குறைய முழுமையாகவும் உறிஞ்சப்படுகிறது. புருக்டோசு அவ்வாறல்ல. அதைக் குடற்சுவரின் ஊடே கடத்தும் புரதத்தின் திறனுக்கு ஓர் எல்லை உண்டு. சிறு வயதில் அந்த எல்லை மேலும் குறைவு. உடன் போதிய குளுக்கோசு இருந்தால் புருக்டோசு எளிதில் உறிஞ்சப்படும். குளுக்கோசை விடப் புருக்டோசு மிகுதியாக உள்ள பழங்களை அதிகம் உண்ணும்போது ஒரு பகுதி உறிஞ்சப்படாமல் பெருங்குடலைச் சென்றடைகிறது.

100 கிராம் ஆப்பிளில் ஏறத்தாழ 6 கிராம் புருக்டோசும் 2.5 கிராம் குளுக்கோசும் உள்ளன. பேரிக்காயிலும் விகிதம் இதை ஒத்ததே. மாம்பழம், தர்ப்பூசணி ஆகியவற்றிலும் புருக்டோசே மிகுதி. வாழைப்பழம், ஆரஞ்சு, திராட்சை ஆகியவற்றில் இரண்டும் ஏறக்குறைய சமமாக இருப்பதால் குடல் அவற்றை எளிதில் ஏற்கிறது. ஆப்பிள், பேரிக்காய், பிளம் ஆகியவற்றில் சார்பிட்டால் என்னும் சர்க்கரை ஆல்ககாலும் உண்டு. இது பெரியவர்களின் குடலிலும் முழுமையாக உறிஞ்சப்படுவதில்லை.

உறிஞ்சப்படாத சர்க்கரை, சவ்வூடுபரவல் விசையால் குடலுக்குள் நீரை இழுக்கிறது, மலம் இளகுகிறது. பெருங்குடலில் உள்ள நுண்ணுயிரிகள் அதை நொதிக்கச் செய்து ஐதரசன் முதலிய வாயுக்களை உண்டாக்குகின்றன. வயிற்று உப்புசம், இரைச்சல், வாயு வெளியேறுதல் ஆகியன இதன் விளைவுகள். இந்த ஐதரசனின் ஒரு பகுதி இரத்தத்தில் கலந்து மூச்சில் வெளியேறும். அதை அளந்தே சர்க்கரை உறிஞ்சப்படாமையைக் கண்டறிகின்றனர்.

பழச்சாறும் குறுநடைக் குழந்தை வயிற்றுப்போக்கும்

நன்றாக வளர்ந்து, ஓடியாடி விளையாடும் ஒரு குழந்தை நாள்தோறும் நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட தடவை வலியின்றித் தளர்வாக மலம் கழிப்பதும், அது நான்கு வாரங்களுக்கு மேல் நீடிப்பதும் 'குறுநடைக் குழந்தை வயிற்றுப்போக்கு' எனப்படுகிறது. பெரும்பாலும் காலையில் முதல் மலம் ஓரளவு கெட்டியாகவும், பொழுது ஏற ஏற நீர்த்தும் இருக்கும். உறக்கத்தில் மலம் கழிவதில்லை. கேரட், பட்டாணி போன்றவற்றின் துண்டுகள் மலத்தில் அப்படியே காணப்படும். இது நோய்த்தொற்று அன்று. குடலில் உணவு வேகமாக நகர்வதும், உணவின் அமைப்பும் சேர்ந்து உண்டாக்கும் நிலை.

இதற்கும் ஆப்பிள் சாற்றுக்கும் உள்ள தொடர்பை 1985ஆம் ஆண்டில் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் ஜெஃப்ரி ஹயம்சு, ஆலன் லைக்ட்னர் ஆகியோர் எடுத்துக்காட்டினர். 1988இல் ஹயம்சு குழுவினர் வெளியிட்ட மூச்சு ஐதரசன் ஆய்வில், பேரிக்காய்ச் சாறு குடித்த குழந்தைகளிடம் சர்க்கரை உறிஞ்சப்படாமை மிகுதியாகவும், திராட்சைச் சாறு குடித்தவர்களிடம் குறைவாகவும் இருந்தது. மேலே கூறப்பட்ட சர்க்கரை விகிதங்களோடு இது பொருந்துகிறது.

பழத்துக்கும் சாற்றுக்கும் உள்ள வேறுபாடு முதன்மையாக அளவைச் சார்ந்தது. ஒரு சிறிய ஆப்பிளில் பாதியை மென்று முடிக்கக் குழந்தைக்கு வெகுநேரம் பிடிக்கும். அதில் கிடைக்கும் புருக்டோசு 4 அல்லது 5 கிராம். 200 மில்லி ஆப்பிள் சாற்றைச் சில நிமிடங்களில் உறிஞ்சிவிடலாம். அதில் சுமார் 11 கிராம் புருக்டோசு சேர்ந்துவிடும். நார்ச்சத்து பெரும்பாலும் சக்கையோடு போய்விட்டிருக்கும். இந்தியக் குழந்தை மருத்துவர்கள் கழகம் 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் இரண்டு வயதுக்கு உட்பட்டோருக்குப் பழச்சாற்றைத் தவிர்க்குமாறும், 2 முதல் 5 வயது வரை நாளொன்றுக்கு 125 மில்லியைத் தாண்ட வேண்டாம் என்றும் கூறுகிறது. வீட்டில் பிழிந்த சாறு என்பதால் குடலுக்கு எந்தச் சலுகையும் கிடைப்பதில்லை.

நடைமுறையில் நிகழ்வது பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது. மலம் இளகியதும் பாலும் நெய்யும் முட்டையும் நிறுத்தப்படுகின்றன. சோர்வு நீங்குவதற்கென்று பழச்சாறு கூட்டப்படுகிறது. கொழுப்பு இரைப்பையிலிருந்து உணவு வெளியேறும் வேகத்தைக் குறைப்பது. அதை நீக்கினால் குடல் இயக்கம் மேலும் விரைவாகிறது; குழந்தைக்குக் கிடைக்கும் ஆற்றலும் குறைகிறது. நோயால் எடை குறையாத குழந்தைக்குப் பத்தியத்தால் எடை குறைவது இவ்வாறுதான். சாற்றையும் பிற இனிப்புப் பானங்களையும் நிறுத்தி, வயதுக்கேற்ற கொழுப்புடன் கூடிய வழக்கமான வீட்டு உணவைத் தொடர்ந்தாலே பல குழந்தைகளிடம் சில நாட்களில் மலம் கெட்டிப்படுகிறது. மருந்து தேவைப்படுவதில்லை. முழுப் பழத்தை நிறுத்த வேண்டியதும் இல்லை.

மலச்சிக்கலில் பழங்கள்

வயிற்றுப்போக்கை உண்டாக்கும் அதே பண்பு மலச்சிக்கலில் பயன் தருகிறது. உலர்ந்த பிளம் பழத்தில் சார்பிட்டால் மிகுதி. பேரிக்காயும் தோலுடன் கூடிய ஆப்பிளும் மலத்தை இளக்கும். தமிழ்நாட்டில் எளிதில் கிடைக்கும் கொய்யாவில் 100 கிராமுக்கு 5 கிராமுக்குக் குறையாத நார்ச்சத்து உண்டு. இது வாழைப்பழத்தில் உள்ளதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. இரண்டு வயதைக் கடந்த குழந்தைக்கு, வயதுடன் 5ஐக் கூட்டி வரும் எண்ணிக்கையளவு கிராம் நார்ச்சத்து நாள்தோறும் போதும் என்பது குழந்தை மருத்துவத்தில் பயன்படும் ஓர் எளிய கணக்கு. நார்ச்சத்தைக் கூட்டும்போது நீரும் போதிய அளவு தரப்பட வேண்டும். நாள் முழுதும் பால் மட்டுமே குடித்து வேறு உணவை ஒதுக்கும் குழந்தைக்கு ஒரு துண்டுப் பழத்தால் மட்டும் மலச்சிக்கல் தீர்ந்துவிடாது.

வாழை

வாழையின் விளைவு அதன் பருவத்தைப் பொறுத்தது. காயில் உள்ள மாவுச்சத்தின் பெரும்பகுதி சிறுகுடலில் செரிக்காதது. கனியும்போது அது சர்க்கரையாக மாறுகிறது. செரிக்காத மாவுச்சத்தைப் பெருங்குடல் நுண்ணுயிரிகள் குறுந்தொடர்க் கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. இவை பெருங்குடல் உப்பையும் நீரையும் உறிஞ்சத் தூண்டுகின்றன. வங்காளதேசத்தில் நீடித்த வயிற்றுப்போக்கு கண்ட கைக்குழந்தைகளுக்கு வேகவைத்த வாழைக்காய் கலந்த அரிசி உணவு கொடுத்தபோது மலத்தின் அளவு குறைந்ததாக 2001இல் வெளியான ஆய்வு தெரிவிக்கிறது. கேரளத்தில் வாழைக்காயை உலர்த்தி அரைத்த மாவில் குழந்தைகளுக்குக் கூழ் காய்ச்சுவது நெடுநாள் வழக்கம். கன்னியாகுமரி மாவட்டத்தின் மட்டி வாழைப்பழமும் குழந்தைகளுக்கு முதலில் ஊட்டும் பழமாக அறியப்பட்டது. அதற்கு 2023இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது.

வாழைப்பழம் உண்ட குழந்தையின் மலத்தில் கறுத்த, நூல் போன்ற இழைகள் காணப்படுவதுண்டு. பழத்தின் நடுப்பகுதியில் உள்ள இழைகளே இவை. புழுக்கள் என எண்ணிப் பூச்சி மருந்து கொடுக்கத் தேவையில்லை. சிவப்புச் சதையுள்ள டிராகன் பழம் மலத்தையும் சிறுநீரையும் சிவப்பாக்கும். கொய்யா விதைகள் உருமாறாமல் வெளியேறும்.

மருத்துவரை அணுக வேண்டிய நிலைகள்

தொற்றால் திடீரென ஏற்படும் வயிற்றுப்போக்கில் இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்ய உப்பு-சர்க்கரைக் கரைசலே உரியது. நலவாழ்வு நிறுவனம் பரிந்துரைக்கும் கரைசலின் சவ்வூடு செறிவு லிட்டருக்கு 245 மில்லி ஆஸ்மோல். நீர் சேர்க்காத ஆப்பிள் சாற்றின் செறிவு இதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். எனவே அது நீரிழப்பைக் கூட்டக்கூடும்.

மலத்தில் இரத்தம், காய்ச்சல், தொடர் வாந்தி, எடை குறைதல், உறக்கத்திலும் மலம் கழிதல், சிறுநீர் குறைதல் ஆகியவற்றில் ஒன்று காணப்பட்டாலும் பழத்தின் மேல் பழியைப் போட்டுக் காத்திருக்கக் கூடாது. பழமோ சர்க்கரையோ உண்ட ஒவ்வொரு முறையும் குழந்தை வாந்தியெடுத்து, வியர்த்து, துவண்டு போனால் அது பரம்பரைப் புருக்டோசு ஏற்காமையாக இருக்கலாம். கல்லீரலில் ஒரு நொதி குறைவதால் வரும் இந்த அரிய நோய், மேலே விளக்கப்பட்ட உறிஞ்சப்படாமையிலிருந்து முற்றிலும் வேறானது. இந்நோய் உறுதியானால் புருக்டோசு, சுக்குரோசு, சார்பிட்டால் மூன்றையும் வாழ்நாள் முழுதும் விலக்க வேண்டியிருக்கும்.