பூட்டிய அலமாரியில் இருந்த நகரங்கள்

லண்டனுக்கு வடக்கே உள்ள ஸ்டீவனேஜுக்கு 1946-இல் பிரிட்டனின் நகரத் திட்ட அமைச்சர் லூயிஸ் சில்கின் போனபோது அது சில ஆயிரம் பேர் வாழ்ந்த சிற்றூர். குண்டுவீச்சிலும் நெரிசலிலும் தவித்த லண்டன் மக்களுக்காக அங்கே அறுபதாயிரம் பேருக்கு ஒரு புதுநகரம் எழுப்பப் போவதாக அவர் அறிவித்தார். ஊர்க்காரர்கள் கொதித்தெழுந்தார்கள். அவருடைய கார் டயரில் காற்றை இறக்கிவிட்டார்கள். பின்னர் ரயில் நிலையப் பெயர்ப்பலகையில் 'சில்கின்கிராட்' என்று ஒட்டி, ஊரை ரஷ்ய நகரமாக்கிக் கேலி செய்தார்கள். அவர்கள் போட்ட வழக்கு பிரபுக்கள் சபை வரை போய் 1947-இல் தோற்றது.

பிறகு எல்லாம் கோப்புகளுக்குள் நடந்தது. ஸ்டீவனேஜ், ஹார்லோ, பாசில்டன், பின்னாளில் மில்டன் கீன்ஸ் என்று ஒவ்வொரு புதுநகருக்கும் ஒரு வளர்ச்சிக் கழகம். அதன் உறுப்பினர்களை நியமித்தது அமைச்சர், மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை. சமையலறை எவ்வளவு அகலம், பள்ளி எந்தத் திருப்பத்தில், எந்தத் தொழிற்சாலைக்கு இடம் என்பதையெல்லாம் அவர்களே தீர்மானித்தார்கள். குடிவந்தவர்களுக்குத் தெரிந்தது முடிவு மட்டும்தான். அந்த முடிவுக்கு வந்த வழி அலமாரிக்குள் பூட்டிக் கிடந்தது. 1958-இன் பொது ஆவணச் சட்டப்படி அரசுக் கோப்புகளைப் பார்க்க ஐம்பது ஆண்டு காத்திருக்க வேண்டும். 1967-இல் அது முப்பதானது. அப்படியும், வீட்டுச் சாவி வாங்கிய இளம் தம்பதி அந்த வீட்டின் கதையைப் படிக்க முதுமை வரை பொறுக்க வேண்டியிருந்தது.

இன்று நிலைமை வேறு. பிரிட்டனின் தகவல் உரிமைச் சட்டம் 2005-இல் நடைமுறைக்கு வந்தது. காத்திருக்கும் காலம் 2013 முதல் படிப்படியாக இருபது ஆண்டாகக் குறைந்தது. அமைச்சகக் கோப்புகள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஸ்டீவனேஜ் கழகத்தின் ஆவணங்களை ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் காப்பகத்திலும், பாசில்டனுடையதைச் செல்ம்ஸ்ஃபோர்டில் உள்ள எசெக்ஸ் ஆவணக் காப்பகத்திலும் பார்க்கலாம். கியூவில் வாசகர் அட்டை எடுத்துக்கொண்டு, பேனாவை வெளியே வைத்துவிட்டு, பென்சிலோடு உட்கார்ந்தால் கேட்ட பெட்டி வரும். கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளக் காசு கிடையாது.

அந்தப் பெட்டிகளால் என்ன லாபம்? எரிக் கிளாக்ஸ்டனை எடுத்துக்கொள்வோம். ஸ்டீவனேஜ் கழகத்தின் பொறியாளரான அவர், கார்ச் சாலையோடு எங்கும் மோதாத சைக்கிள் பாதைகளை ஊர் முழுக்கப் போட்டார். சந்திப்புகளில் சுரங்கவழி அமைத்தார். ஆனாலும் மக்கள் காருக்கே போனார்கள், ஏனென்றால் அதே திட்டம் கார் ஓட்டுவதையும் அவ்வளவு சுலபமாக்கியிருந்தது. நல்ல பாதை போட்டால் போதும், சைக்கிள் தானாக வரும் என்று நம்பும் நகரத் திட்டக்காரர்கள் முதலில் படிக்க வேண்டிய பாடம் இது.

இன்னொரு பெயர் நமக்கும் நெருக்கமானது. ஸ்டீவனேஜ் கழகத்தின் தலைவராக 1949-இல் வந்தவர் மோனிகா ஃபெல்டன். 1951-இல் வட கொரியாவுக்குப் போய் வந்ததும் பதவி பறிபோனது. நாடாளுமன்றக் குழுவின் முன் ஆஜராகவில்லை என்பது சொல்லப்பட்ட காரணம். கொரியப் பயணம்தான் உண்மைக் காரணம் என்ற பேச்சு அன்றே இருந்தது. பின்னாளில் அவர் சென்னைக்கு வந்து தங்கினார். ராஜாஜியைச் சந்தித்துப் பேசிய அனுபவங்களை ஒரு நூலாகவும், சமூக சேவகி சகோதரி சுப்பலட்சுமியின் வாழ்க்கையை இன்னொரு நூலாகவும் எழுதினார். ஓர் ஆங்கிலேயப் புதுநகரின் வரலாற்றைத் தேடுபவர் சென்னைக்காரர்களையும் விசாரிக்க வேண்டியிருக்கும்.

கதவு திறந்துவிட்டது என்பதற்காக எல்லாம் கைக்கு வந்துவிடவில்லை. ஒரே நகரின் தாள்கள் இரண்டு மூன்று ஊர்களில் சிதறிக் கிடக்கின்றன. பட்டியல் போடாத பெட்டி, சட்டப்படி திறந்திருந்தாலும் பூட்டிய பெட்டிதான். இருப்பதே தெரியாததை யார் கேட்பார்கள்? அந்தக் காலத்து வரைபட நகல்கள் பல, அம்மோனியா ஆவியில் எடுக்கப்பட்ட மலிவான அச்சுகள். விரித்தால் சுருண்டுகொள்ளும், நாலு மூலையிலும் எடை வைக்க வேண்டும். வெளிச்சம் பட்டால் கோடுகள் மங்கும். அவற்றில் பலவற்றுக்கு வயது ஐம்பதுக்கும் மேல். குடிவந்தவர்களின் குரலோ கோப்புகளில் அபூர்வம். அதனால்தான் ஸ்டீவனேஜ் அருங்காட்சியகம், மில்டன் கீன்ஸின் லிவிங் ஆர்க்கைவ் போன்றவை சேகரிக்கும் வாய்மொழி நினைவுகளுக்கு மதிப்பு. முதலில் குடிவந்த தலைமுறை குறைந்துகொண்டே வருகிறது.

2024-இல் பிரிட்டிஷ் அரசு மறுபடியும் புதுநகரங்களுக்காக ஒரு பணிக்குழுவை அமைத்தது. எங்கே கட்டுவது என்ற பேச்சு சூடாக எழுந்தது. முன்பு கட்டியவர்கள் எங்கே சறுக்கினார்கள் என்பது அவர்கள் கையெழுத்திலேயே காப்பகங்களில் இருக்கிறது. புது நகருக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு சிறு பங்கை இந்தப் பெட்டிகளுக்குப் பட்டியல் போடவும் மங்கும் வரைபடங்களைப் படியெடுக்கவும் முதலில் ஒதுக்க வேண்டும். பழைய கணக்கைப் பார்க்காமல் புதுக்கணக்கு எழுதினால் பழைய தவறுக்கே இரண்டாம் முறை செலவழிக்க நேரும்.