மாட்டையும் விசாரியுங்கள்

கடலூர் முதுநகரில் தொடங்கிச் சிதம்பரம் வரை, ஒன்றிரண்டு கறவை மாடு வைத்துப் பிழைக்கும் வீடுகளில் கொட்டகை பெரும்பாலும் வீட்டுச் சுவரை ஒட்டியே இருக்கும். ஐப்பசி மழையில் வெள்ளம் ஏறிவிட்டால் மாட்டுக்கும் மனிதருக்கும் ஒரே மேடுதான். அப்படிப்பட்ட வீட்டில் ஒருவருக்கு டி.பி. என்று தெரிந்தால், கூட இருப்பவர்களை அழைத்துப் பரிசோதிக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் கொட்டகையில் இருக்கும் மாட்டைப் பற்றிய பேச்சு அநேகமாக எழுவதில்லை.

எழ வேண்டும் என்பதற்கு வேலூரில் ஆதாரம் இருக்கிறது. சி.எம்.சி. மருத்துவமனை நோயாளிகளிடமிருந்து வளர்த்தெடுத்த 940 காசநோய்க் கிருமி மாதிரிகளின் மரபணுவை ஆராய்ந்த முடிவு 2020-இல் வெளியானது. மாட்டுக் காசநோய் என்றாலே நினைவுக்கு வரும் 'மைக்கோபாக்டீரியம் போவிஸ்' கிருமி, இயற்கையாகத் தொற்றிய வடிவில், ஒருவரிடம்கூட இல்லை. 7 பேரிடம் இருந்தது 'ஒரிஜிஸ்' என்னும் வேறொரு கிருமி. சென்னைப் பகுதி மாடுகளில் கண்டறியப்பட்டதும் அதுவே. 7 என்பது சிறிய எண்தான். ஆனாலும் போவிஸை மட்டும் தேடி, 'இங்கே மாட்டு டி.பி. இல்லை' என்று நிம்மதி அடைவது தவறு என்பதை அது காட்டிவிட்டது. வழக்கமான சளிப் பரிசோதனை காசநோய் உண்டா இல்லையா என்று சொல்லும். எந்த வகைக் கிருமி என்று பிரித்துச் சொல்லாது.

இந்தியாவில் ஏறத்தாழ 2.18 கோடி மாடுகளுக்கு இந்நோய் இருக்கலாம் என்பது 2018-இல் வந்த மதிப்பீடு. நோயுற்ற மாட்டின் மூச்சு, பால், மூக்குச்சளி, சாணம் வழியாகக் கிருமி வெளியேறுகிறது. வெயில் பட்டால் சீக்கிரம் சாகும். நிழலும் ஈரமும் உள்ள சாணத்திலும் மண்ணிலும் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் உயிர்வாழும். பாலைக் காய்ச்சிக் குடிக்கும் நம் வழக்கம் பெரிய காவல். கறந்த சூட்டோடு பிள்ளைகளுக்குப் பச்சைப்பால் கொடுப்பதை மட்டும் கைவிட்டாக வேண்டும். மூடிய கொட்டகையின் காற்றுக்கும் பொதுத் தண்ணீர்த் தொட்டிக்கும் அந்தக் காவல் கிடையாது. நோய் மறுபக்கமும் போகும்: மனிதரைத் தாக்கும் காசநோய்க் கிருமி கேரளக் காட்டு யானைகளிலேயே கண்டறியப்பட்டிருக்கிறது.

மேலைநாடுகளில் நோயுற்ற மாட்டைக் கொன்றுவிடுகிறார்கள். இங்கே அது நடக்காது. இழப்பீடு இல்லாத விவசாயி மெலிந்த மாட்டைச் சந்தையில் விற்றால், நோய் இன்னொரு கொட்டகைக்குப் போகும். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

செய்யக்கூடியது எளிது. நோயாளியின் படிவத்தில் 'வீட்டில் மாடு உண்டா?' என்று ஒரு வரி சேர்க்கலாம். 'ஆம்' என்றால் கால்நடை மருத்துவர் வந்து மாட்டின் தோலில் டியூபர்குலின் என்னும் சோதனை மருந்தைப் போட்டு, 72 மணி நேரம் கழித்து வீக்கத்தை அளக்கட்டும். அந்த நோயாளியின் கிருமி எந்த வகை என்பதையும் ஆய்வகம் பார்க்கட்டும். ஏனென்றால், காசநோய்க்கு முதலில் கொடுக்கும் நான்கு மருந்துகளில் ஒன்றான பைரசினமைடு, வேலூர் மாதிரிகளில் இல்லாவிட்டாலும் வேறிடத்தில் இருக்கக்கூடிய போவிஸ் கிருமியிடம் இயல்பாகவே பலிக்காது.