இரண்டு வயரும் 120 ஓமும்

மூணாறிலிருந்து மாட்டுப்பட்டி அணை வழியாக டாப் ஸ்டேஷன் போகிறவர்களுக்குத் தெரியும், வளைவுக்கு வளைவு பிரேக்கில் கால் வைத்தாக வேண்டும். புதிய வண்டியென்றால் அந்த ஒவ்வொரு மிதிக்கும் ஏபிஎஸ்ஸும் எஞ்சினும் மீட்டரும் தங்களுக்குள் தகவல் பரிமாறிக்கொள்கின்றன. அத்தனை பேச்சும் முறுக்கிய இரண்டே வயரில்! ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1986-ல் அறிமுகப்படுத்திய கேன் பஸ் முறை இது. மலையேறும் பழைய ஜீப்புகளில் தேட வேண்டாம்.

வண்டியிலுள்ள ஒவ்வொரு கணினிப் பெட்டியும் ஒரு டிரான்ஸீவர் சிப் மூலமாகத்தான் இந்த வயர்களைத் தொடுகிறது. அனுப்ப வேண்டியது 1 என்றால் இரு வயரும் சுமார் 2.5 வோல்ட்டில் சும்மா இருக்கும். 0 என்றால் ஒன்றை 3.5-க்கு ஏற்றி, மற்றதை 1.5-க்கு இறக்கும். கேட்கிற சிப்புக்கு வித்தியாசம் மட்டுமே கணக்கு, 0.9 வோல்ட்டைத் தாண்டினால் அது 0. இரைச்சல் இரண்டிலும் ஒன்றுபோல ஏறுவதால் கழித்தலில் அடிபட்டுப் போகும்.

இதை வீட்டுக் கணினியிலேயே சிமுலேஷன் செய்யலாம். மும்பை ஐ.ஐ.டி.யின் இசிம் இலவசம், எல்டிஸ்பைஸும் இலவசம். முழுச் சிப்பையும் வரைய வேண்டியதில்லை. 5 வோல்ட் சப்ளை, ஒரு சுவிட்ச், 45 ஓம் ரெசிஸ்டர்; நடுவே 60 ஓம்; பிறகு இன்னொரு 45 ஓம், இன்னொரு சுவிட்ச், கிரவுண்ட். 33 மில்லி ஆம்பியர் ஓடும். நடு 60-இன் இரு பக்கமும் 3.5, 1.5 வந்து நிற்கும். அந்த 60, வயரின் இரு முனைகளிலும் உள்ள 120 ஓம் ரெசிஸ்டர்கள் பக்க இணைப்பில் தரும் மதிப்பு.

இப்போது ஒரு 120-ஐக் கழற்றுங்கள். வித்தியாசம் 2-லிருந்து 2.86 வோல்ட்டாகக் கூடும். சிக்னல் பலமாகிவிட்டதே என்று தோன்றும். நம்பாதீர்கள்! திரையில் வரைந்த வயருக்கு நீளமே கிடையாது. அதற்குப் பதில் 120 ஓம், 200 நானோ நொடி தாமதம் கொண்ட டிரான்ஸ்மிஷன் லைனைப் போடுங்கள். ஏறக்குறைய 40 மீட்டர் வயருக்குச் சமம். மிச்சமிருக்கும் 120-ஐச் சிப் இருக்கும் முனையில் வையுங்கள். சுவிட்சுகளைத் திறந்ததும் சிப் பக்கம் வோல்டேஜ் பூஜ்யத்துக்கு விழாது. 1.43-இல் 400 நானோ நொடி நின்று, பிறகே இறங்கும். வினாடிக்கு பத்து லட்சம் பிட் ஓடும்போது ஒரு பிட்டுக்குக் கிடைப்பதே 1000 நானோ நொடி. அதில் 400 நானோ நொடியும் 1-ஐ 0 என்றே சிப் படிக்கும். இரண்டாவது 120-ஐத் திரும்பப் போட்டால் அந்தப் படி மறைந்துவிடும்.

வண்டியிலும் சோதிக்கலாம். பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஸ்டியரிங்குக்குக் கீழே ஸ்கேனர் மாட்டும் சாக்கெட்டில் 6, 14 பின்களுக்கிடையே மல்டிமீட்டரை வையுங்கள். பல வண்டிகளில் 60 ஓம் காட்டும். அப்படிப்பட்ட வண்டியில் 120 காட்டினால், ஒரு முனையின் ரெசிஸ்டரோ அதற்குப் போகும் வயரோ போய்விட்டது.