சாத்தாங்காட்டு இரும்பும் ஜப்பான் கிண்ணமும் சொந்தக்காரங்க, தெரியுமா?

மழை பெய்து ஓய்ந்த மறுநாள் வடசென்னை சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட் பக்கம் போயிருக்கிறீர்களா? அடுக்கி வைத்த தகடுகளின் மேல் செம்பழுப்பாகத் துரு பூத்திருக்கும். கை வைத்தால் ஒட்டிக்கொண்டு வரும். ஜப்பானியர் தேநீர்ச் சடங்கில் பொத்திப் பொத்திப் பாதுகாக்கும் கறுப்புக் கிண்ணத்துக்கு அந்தக் கறுப்பைத் தருவதே இந்தத் துருவிலுள்ள இரும்பு ஆக்சைடுதான், தெரியுமா?

நம்பச் சிரமமாக இருக்கும், ஆனால் உண்மை! சீனாவில் பிறந்து ஜப்பானில் கொண்டாடப்படும் அந்தக் கறுப்புப் பூச்சுக்குத் தெம்மோக்கு என்று பெயர். கிளேஸ் என்ற அந்தப் பூச்சுக் கலவையில் நூற்றுக்கு எட்டு, பத்து பங்கு இரும்பு ஆக்சைடு சேர்த்து 1,250 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சுட்டால் பளபளக்கும் கறுப்பு. ஆக்சைடை ஒன்றிரண்டு பங்காகக் குறைத்து, சூளைக்குள் காற்று போதாமல் செய்து சுட்டால் பச்சை! செலடான் என்று உலக மியூசியங்கள் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கும் அந்த இளம்பச்சை இப்படித்தான் பிறக்கிறது. ஒரே துருதான், அளவும் காற்றும் மாறியதும் நிறமே மாறிவிடுகிறது. நம் பழைய வீடுகளில் தாத்தா காலத்தில் போட்ட ரெட் ஆக்சைடு தரையும், கோயில் மதிலில் அடிக்கும் காவியும் இதே குடும்பம்தான்.

சரி, அந்த ஜப்பான் வேலையைத் தொட்டுப் பார்க்க டோக்கியோவுக்கு டிக்கெட் போட வேண்டுமா? வேண்டவே வேண்டாம். விம்கோ நகரில் மெட்ரோ ஏறி, ஈ.சி.ஆர். பஸ் பிடித்துப் புதுச்சேரியில் இறங்கினால் போதும்!

1971-ல் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தவர் டெபோரா ஸ்மித் என்ற அமெரிக்கப் பெண். ஜப்பானிய மொழி படித்தவர். பிஸென் என்ற ஊரில் யமமோட்டோ தோஷு என்ற பெரிய கலைஞரிடம் மண் வேலை கற்றவர். அந்த தோஷுவைப் பிற்பாடு ஜப்பான் அரசே நாட்டின் வாழும் பொக்கிஷம் என்று அறிவித்தது! ஹமாடா ஷோஜி என்ற மட்பாண்ட மாமேதையைப் பற்றிப் புத்தகம் எழுத சூசன் பீட்டர்சன் என்பவர் ஜப்பான் சென்றபோது, மொழிபெயர்ப்பாளராகக் கூடப் போனவரும் இதே டெபோராதான். அவரும் இன்னொரு அமெரிக்கரான ரே மீக்கரும் சேர்ந்து தொடங்கியதுதான் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி. அரவிந்தர் ஆசிரமத்துக்காக ஆரம்பித்த அந்த வேலை அரை நூற்றாண்டைத் தாண்டிவிட்டது. இன்று இந்தியாவில் பேர் சொல்லும் பீங்கான் கலைஞர்களில் எத்தனையோ பேர் அங்கே மண் பிசைந்து வந்தவர்கள். அங்கே வேலை பார்த்த உள்ளூர்த் தமிழர்கள் பிறகு தங்கள் சொந்தப் பட்டறைகளைத் தொடங்கினார்கள். புதுச்சேரிக் கடைவீதியில் அடுக்கி வைத்திருக்கும் நீலமும் பழுப்புமான கோப்பைகள் எங்கிருந்து வந்த கலை என்று இப்போது புரிகிறதா? எனக்கு அந்தப் பட்டறைக்காரர்கள் மேல்தான் மரியாதை அதிகம். பிஸெனில் கிளம்பிய கைப்பக்குவம் இங்கே குடும்பத்துக்குச் சோறு போடும் தொழிலானது அவர்களால்தான்.

இதே ரே மீக்கர் வீட்டையே சுட்டவர் என்று தெரியுமா? கட்டடக்கலை படிக்கப் போய் மண்ணுக்குத் திரும்பியவர் அவர். 1980-களில் ஆரோவில் பக்கம் பச்சை மண் கல்லால் வளைகூரை வைத்து வீடு கட்டி, உள்ளே செங்கல்லையும் ஓட்டையும் அடுக்கி, வாசலை அடைத்து, வீட்டையே சூளையாக்கி நாள்கணக்கில் தீ மூட்டினார்! தீ அடங்கியபின் உள்ளே இருந்தவை விற்பனைக்கு, வெளியே நிற்பது குடியிருக்க. மழைக்குக் கரையாத வீடு!

மண்ணைத் தொட்டு வாழ்க்கையே மாறிப்போனவர்கள் இவர்கள் மட்டுமில்லை. 1911-ல் டோக்கியோவில் ஒரு தோட்ட விருந்து. விருந்தாளிகள் கையில் சுட்ட சட்டியையும் தூரிகையையும் கொடுத்து, படம் வரையச் சொல்லி, கிளேஸில் முக்கி, பக்கத்திலேயே இருந்த சின்னச் சூளையில் வைத்து ஒரு மணி நேரத்துக்குள் செக்கச்செவேல் என்று இடுக்கியால் வெளியே எடுத்தார்கள். ராக்கு என்ற முறை அது. அதைப் பார்த்து அசந்து நின்ற விருந்தாளிகளில் ஒருவர் பெர்னார்ட் லீச், ஓவியர். அன்றிலிருந்து மண்தான் அவர் வாழ்க்கை! இங்கிலாந்தில் செயின்ட் ஐவ்ஸில் 1920-ல் ஹமாடாவோடு சேர்ந்து பட்டறை போட்டார். மேற்கு நாடுகளில் இன்று நடக்கும் ஸ்டூடியோ பாட்டரியில் பாதிக்கு மேல் அவர் வழி வந்தது என்று துணிந்து சொல்வேன். ஒரு நாள் மண் வகுப்பு என்ன செய்துவிடும் என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது.

நம் நாட்டிலும் ஒருவர் உண்டு! சர்தார் குருசரண் சிங். 1920-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜப்பானில் படித்து, லீச், ஹமாடா கூட்டத்தோடு பழகித் திரும்பியவர். 1952-ல் டெல்லியில் டெல்லி ப்ளூ பாட்டரியைத் தொடங்கினார். பிறகு மகன் மன்சிம்ரனோடு இமாச்சலத்தின் அந்த்ரெட்டா கிராமத்தில் இன்னொரு பட்டறை. அங்கே இன்றும் மலைச் சுற்றுலா போகிறவர்கள் சக்கரத்தில் உட்கார்ந்துவிட்டு வருகிறார்கள்.

சரி, புதுச்சேரிப் பக்கம் அப்படியொரு வகுப்பில் சேர்ந்தால் என்ன நடக்கும்? முதல் வேலை சக்கரமே இல்லை, பிசைவது! மண்ணுக்குள் காற்றுக்குமிழ் இருக்கக் கூடாது. ஜப்பானியர் ஒரு கையால் உருட்டி ஒரு கையால் அழுத்த, மண்ணுருண்டை சாமந்திப்பூ இதழ் அடுக்கியது போல மடிந்து மடிந்து வரும். அந்தக் கை வருவதற்கே அங்கே சீடர்கள் வருஷக்கணக்கில் பழகுவார்கள். உங்களுக்கு முதல் நாளில் உருண்டையாக வந்தாலே போதும்.

அப்புறம் சக்கரம். மண்ணை நடுவில் அறைந்து வைத்து, முழங்கையைத் தொடையில் ஊன்றி, ஈரக்கையால் இரண்டு பக்கமும் அழுத்த வேண்டும். ஆட்டம் நிற்கும்வரை அழுத்த வேண்டும். மண் எங்கேயாவது ஒரு மயிரிழை விலகியிருந்தாலும் கையைத் தட்டித் தட்டித் தள்ளும். திடீரென்று ஒரு நொடியில் அசைவே இல்லாமல் நிற்கும். சக்கரம் சுற்றுகிறதா என்றே சந்தேகம் வரும்! அங்கே கட்டைவிரலை இறக்கினால் குழி விழுகிறது. உள்விரலும் வெளிவிரலும் சேர்ந்து மெல்ல ஏற, சுவர் எழும்புகிறது. ஜப்பானில் பெரும்பாலும் சக்கரம் கடிகார முள் சுற்றும் பக்கமாகச் சுற்றும், ஐரோப்பாவில் எதிர்ப்பக்கம். ஒன்றில் பழகிய கை மற்றதற்கு மாறினால் முதல் நாள் தடுமாறித்தான் போகும்.

இனி வருவதுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது! ஜப்பானியர் சின்னக் கோப்பை செய்யும்போது ஒவ்வொன்றுக்கும் தனி உருண்டை வைப்பதில்லை. பெரிய மண்குவியல் ஒன்றைச் சக்கரத்தில் ஏற்றி, அதன் உச்சியில் ஒரு கோப்பை இழுத்து, நூலால் அறுத்து வைத்துவிட்டு, அதே குவியலில் அடுத்தது, அடுத்தது என்று போய்க்கொண்டே இருப்பார்கள். நம் குயவர் கார்த்திகை தீபத்துக்கு அகல் செய்வதைப் பார்த்திருக்கிறீர்களா? அதே குவியல், அதே நூல், அதே வேகம்! நம்ம புரசைவாக்கம் பக்கத்துக் கொசப்பேட்டையில் விநாயகர் சதுர்த்திக்கு முன்னால் போய்ப் பாருங்கள். தெருவே மண்ணாகிக் கிடக்கும். கொலு பொம்மைக்கும் பேர்போன இடம். கோல்டன் பிரிட்ஜைத் தேடிப் போகும் நாம் கொசப்பேட்டையைத் தாண்டித்தான் போகிறோம் என்பதை மறக்கக் கூடாது.

பானை செய்வதில் நம்மவர் வைத்திருக்கும் வித்தை இன்னும் ஆச்சரியம். சக்கரத்திலிருந்து இறங்கும்போது பானைக்கு அடியே இருக்காது, தெரியுமா? வாயும் கழுத்தும் தோளும் மட்டும்தான். கொஞ்சம் காய்ந்தபின் உள்ளே ஒரு கையில் வழவழப்பான கல்லைப் பிடித்து, வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டி, சுவரை மெலிதாக்கிக்கொண்டே போய் அடியை மூடுவார்கள். குடம் அத்தனை உருண்டையாக, அத்தனை லேசாக இருப்பது அந்தத் தட்டலால்தான்.

மண் எங்கிருந்து வருகிறது? நமக்கு ஏரிப்படுகை வண்டல். பிஸெனுக்கு? நெல் வயலுக்கு அடியில் புதைந்து கிடக்கும் இரும்புச்சத்து மிகுந்த களிமண்! அதில் கிளேஸே பூசுவதில்லை. பத்துப் பதினான்கு நாள் விறகு போட்டு எரிப்பார்கள். பறந்து வந்து படியும் சாம்பல்தான் பூச்சு. சிலவற்றில் வைக்கோலைச் சுற்றிச் சுடுவார்கள்; வைக்கோல் பட்ட இடமெல்லாம் நெருப்புக் கோடாகச் சிவந்து நிற்கும்!

சாம்பல் என்றதும் செங்குன்றம் ஞாபகம் வர வேண்டும். அங்கே அரிசி ஆலைகளில் உமி எரித்த சாம்பல் மலையாகக் குவிவதைப் பார்த்து மூக்கைப் பொத்தியிருப்போம். ஹமாடா வாழ்ந்த மஷிகோ ஊரில் அந்த உமிச்சாம்பலைத்தான் சலித்து, கழுவி, கிளேஸில் கலக்கிறார்கள். உமியில் சிலிக்கா ஏராளம். உருகினால் பால் போன்ற வெண்மை. நாம் லாரியில் ஏற்றிக் கொட்டுவது அங்கே கிண்ணத்துக்கு அழகு!

விறகும் அப்படித்தான். கோல்டன் பிரிட்ஜ் சூளைக்கு எரிபொருள் சவுக்குக் கட்டை. எண்ணூரிலிருந்து பழவேற்காடு வரை கடலோரம் நிற்கிறதே, அதே சவுக்கு. இந்தக் கரைக்கு அது எப்படி வந்தது தெரியுமா? தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று நம்ம ராயபுரத்திலிருந்து கிளம்பியது. அடுத்த பத்தாண்டில் ரயில் இன்ஜினுக்கு விறகு வேண்டுமென்று சோழமண்டலக் கரையில் சவுக்குத் தோப்பு போட ஆரம்பித்தார்கள். ரயிலுக்காக நட்ட இனம், ஜப்பானிய வழிச் சூளையை எரிக்கிறது!

சூளைக்குள் எத்தனை சூடு என்று பார்ப்பதும் வேடிக்கை. தீயின் நிறம் பார்த்தே சொல்லும் கைதேர்ந்தவர்கள் உண்டு. மற்றவர்கள் சின்னக் கூம்பு ஒன்றை உள்ளே நிற்க வைத்து, சுவரிலுள்ள ஓட்டை வழியே பார்ப்பார்கள். குறித்த சூடு பட்டதும் கூம்பு தலைகுனியும். குனிந்தால் தீயை நிறுத்த வேண்டியதுதான். 1886-ல் செகர் என்ற ஜெர்மானியர் கொண்டுவந்த ஏற்பாடு, இன்றும் அசைக்க முடியவில்லை.

புதுச்சேரி போனவர்கள் வில்லியனூர்ச் சுடுமண் வேலையைப் பார்க்காமல் திரும்பக் கூடாது. புவிசார் குறியீடு பெற்றது. அவ்வூர்க் கலைஞர் வி.கே. முனுசாமிக்கு 2020-ல் பத்மஸ்ரீ. அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அரிக்கமேடு: 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது ரோமானியரின் ஒயின் ஜாடித் துண்டுகள் கிடைத்த இடம். வெளிநாட்டுச் சட்டி இந்தக் கரைக்குப் புதிதே இல்லை!

புதுச்சேரி வரை போக நேரமில்லையா? முட்டுக்காட்டில், 1996 முதல் இயங்கும் தக்ஷிணசித்ரா அருங்காட்சியகத்தில் சக்கரத்தில் கை வைக்கலாம். ஆனால் ஜப்பானிய வழி கிளேஸும் உயர்சூட்டுச் சூளையும் வேண்டுமென்றால் புதுச்சேரி, ஆரோவில் பட்டறைகள்தான். அங்கே சில ஸ்டூடியோக்கள் குறுகிய கால வகுப்பு எடுக்கின்றன. போன் செய்து கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள், மோதிரம் வேண்டாம். செய்ததை அன்றே கையில் தர மாட்டார்கள். காய வேண்டும், அடி செதுக்க வேண்டும், ஒரு முறை சுட்டு, கிளேஸ் பூசி, மறுபடி சுட வேண்டும், வாரக்கணக்கில் ஆகும். ஜப்பானிலும் இதே கதைதான், பார்சலில்தான் வரும். பத்து சென்டிமீட்டர் உயரத்தில் விட்டு வந்த கோப்பை ஒன்பதை ஒட்டிச் சுருங்கி வரும். வேறு யாருடையதோ என்று சண்டை பிடிக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மண் காயவே காயாது. தை பிறந்ததும் கிளம்புங்கள்!