அடுப்படியில் அடைபடாமல் ஒரு கிறிஸ்துமஸ் விருந்து

டிசம்பர் பிறந்துவிட்டால் போதும், நம் வீடுகளில் ஸ்டார் கட்டுகிற சந்தோஷத்தோடு கூடவே ஒரு வயிற்றுக் கலக்கமும் வந்துவிடும். 24ம் தேதி ராத்திரி பூசை முடிந்து வீடு திரும்ப ஒன்றரை மணி ஆகும். புதுப் புடவையை மடித்து வைத்துவிட்டு, கண் மூடினோமா இல்லையா என்பதற்குள் இஞ்சி, பூண்டோடு உட்கார வேண்டும். பிரியாணி, வறுவல், மீன், இறால், பாயசம் என்று ஐந்தாறு அடுப்பு வேலை. எல்லோரும் சாப்பிட்டு, வெற்றிலை போட்டு, டி.வி. முன்னால் சாய்ந்த பிறகு, மூன்றரை மணிக்கு வீட்டுப் பெண் அடிச்சட்டியை வழித்துச் சாப்பிடுவாள். "பண்டிகை யாருக்கு?" என்று ஒரு வருஷமாவது நாம் கேட்டுப் பார்த்திருக்கிறோமா சகோதரிகளே?

கைதேர்ந்தவர்களுக்கே இந்தப் பாடு என்றால், சமையல் பழகாதவர்கள் கதி என்ன? நான் அந்த ரகம்தான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் மாமியார் கைச் சமையல். எனக்குக் கம்பெனியில் ஷிப்டு வேலை. ரசம், உருளைக்கிழங்கு வறுவல், முட்டைப் பொரியல், இதற்கு மேல் என் கை போனதில்லை. அப்படிப்பட்ட நானே 14 பேருக்குக் கிறிஸ்துமஸ் சாப்பாடு போட்டு, நானும் அதே பந்தியில் உட்கார்ந்து சுடச்சுடச் சாப்பிட்டேன். அந்த அனுபவம் மற்ற சகோதரிகளுக்கும் உதவட்டுமே என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் சடையங்குப்பம். வடசென்னையில், மணலி மண்டலத்தில், கொசஸ்தலை ஆற்றுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பக்கத்திலேயே பர்மா நகர். மழை என்றால் மற்ற ஊர்க்காரர்கள் பஜ்ஜி போடுவார்கள். நாங்கள் சாமானைப் பரணில் ஏற்றுவோம். 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியபோது எங்கள் வீட்டுக்குள் முட்டிவரை தண்ணீர். பிரிட்ஜ் போயிற்று, மெத்தை போயிற்று, மிக்ஸியும் போயிற்று. தண்ணீர் வடிந்த பிறகு வாசற்படிச் சேற்றில் மாமியார் வழுக்கி விழுந்து, வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு.

போதாக்குறைக்கு அந்த வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் கலந்து எண்ணூர் முகத்துவாரம் பூராவும் படலமாகப் படிந்துவிட்டது. பேப்பரில் படித்திருப்பீர்கள். என் நாத்தனாரின் கணவர் அந்தக் கழிமுகத்தில் வலை வீசிப் பிழைப்பவர். வலையெல்லாம் கறுத்துப் போய், மூன்று வாரமாகத் தொழிலே இல்லை. வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் காலையில் இரண்டு கிலோ இறாலைக் கூடையில் போட்டுக்கொண்டு, "அத்தே, இந்தாங்க" என்று வாசலில் நிற்பார். அந்த வருஷம் நாத்தனார் எனக்குப் போன் செய்தார். "அண்ணி, அவரு வரமாட்டேங்கறாரு. வெறுங்கையோட மாமியா வூட்டுக்குப் போறதான்னு கேக்கறாரு. நாங்க இங்கியே இருந்துக்கறோம்" என்றார்.

மாமியாரோ, "ஒத்தக் கைய வெச்சிக்கினு நான் இன்னாத்த ஆக்கறது? ஆளுக்கொரு துண்டு கேக்கு குடுத்துட்டாப் போதும்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். முப்பது வருஷத்துக்கு மேல் அந்த விருந்தை நடத்தியவர். விருந்து இல்லை என்பதைவிட, தான் இல்லாமல் நடந்துவிடுமோ என்பதுதான் அவருக்கு வருத்தம் என்று எனக்குத் தோன்றியது. இரண்டு பக்கமும் இப்படி ஆளாளுக்கு ஒதுங்கினால் குடும்பம் என்னாவது? "சோறு நான் ஆக்கறேன் அத்தே. நீங்க நாற்காலியில உக்காந்து சொல்லுங்க" என்று சொல்லிவிட்டேன்.

குழம்பு வேறு, சோறு வேறு

முதலில் பிரியாணி வேண்டாம் என்று முடிவு செய்தேன். பழகாத கைக்குப் பிரியாணி ஆபத்து. உப்பு கூடினாலும், அரிசி குழைந்தாலும், அடி பிடித்தாலும் கறி, சோறு எல்லாம் சேர்ந்து போய்விடும். அதற்குப் பதிலாகக் குஸ்காவும் கோழிக் குழம்பும் தனித்தனியாகச் செய்தால், ஒன்றில் கை தவறினாலும் இன்னொன்று காப்பாற்றும். கறி சாப்பிடாதவர்களுக்கும் அதே குஸ்கா ஆகும். கூட ஆளுக்கு ஒரு அவித்த முட்டை, கத்திரிக்காய்த் தொக்கு, வெங்காயத் தயிர்ப் பச்சடி. அவ்வளவுதான். வறுவல், பொரியல் எதுவும் கிடையாது. விருந்தாளி வந்த பிறகு எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்க வைக்கிற பண்டம் எதுவும் வேண்டாம் என்பது என் கட்டளை.

அளவுக்கு மாமியார் ஒரு கணக்குச் சொன்னார். தலைக்கு 100 முதல் 110 கிராம் அரிசி, எலும்போடு 150 கிராம் கறி. 14 பேருக்கு ஒன்றரைக் கிலோ பாசுமதி, இரண்டு கிலோ கோழி. புயல் நிவாரணமாக ரேஷன் கடையில் தந்த 6,000 ரூபாய் பாய்க்கும் போர்வைக்கும் போய்விட்டதால், இதற்கு மேல் இழுக்கவும் வழியில்லை.

ஆளுக்கொரு வேலை

விருந்துக்கு வருகிறவர்களை, "ஏதாவது வேணுமா?" என்று கேட்க விடாமல் நாமே வேலையைச் சொல்லிவிட வேண்டும். காசு செலவாகிற பொருளைக் கேட்காமல், கையால் ஆகிற உதவியைக் கேட்டால் யாருக்கும் கூச்சம் இருக்காது. நாத்தனாரின் கணவருக்கு நானே போன் செய்தேன். "அண்ணா, எங்க வூட்ல பெரிய குண்டான் இல்ல. உங்க வூட்டுக் குண்டான எடுத்தாங்க. பந்தி பரிமாறவும் ஆள் இல்ல. பத்து மணிக்கெல்லாம் வந்துடணும்" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "சரிம்மா" என்றார்.

நாத்தனாருக்குத் தயிர்ப் பச்சடி. என் கணவருக்குக் கோழி வாங்குவது, தேங்காய் துருவுவது, கடைசியில் பாத்திரம் துலக்குவது. பிள்ளைகளுக்குப் பூண்டு உரிப்பதும் முட்டை உரிப்பதும். பக்கத்து வீட்டு அக்கா குக்கர் இரவல் தந்தார். பர்மா நகரில் இருக்கும் தோழி, அத்தோவில் நொறுக்கிப் போடுவார்களே, அந்தப் பேஜோ ஒரு பை கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டாள். அப்பளம் பொரிக்கும் வேலை மிச்சம்.

முன்கூட்டி ஆனவை

22ம் தேதியே கலகலா செய்தாகிவிட்டது. அரைக் கிலோ மைதா, பொடித்த சர்க்கரை, ஒரு கரண்டி நெய், பிசைய கெட்டித் தேங்காய்ப்பால். சின்ன உருண்டையை முள்கரண்டியின் முதுகில் வைத்து அழுத்திச் சுருட்டினால் சங்கு போல வரும். பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. நமக்குப் பொரித்து எடுக்கிற வேலை மட்டும். முட்டை சேர்க்காததால் ஐயப்பனுக்கு மாலை போட்டிருந்த எதிர்வீட்டுக்கும் பழத்தோடு அதைத் தர முடிந்தது. கேக் பேக்கரியில் வாங்கினோம். அதில் ஒன்றும் கௌரவக் குறைச்சல் இல்லை.

வெள்ளம் வந்த வீடு என்பதால் 23ம் தேதி பாத்திரம் எல்லாவற்றையும் தேய்த்துக் கொதிக்கிற வெந்நீரில் அலசி வெயிலில் கவிழ்த்தேன். சமைக்க, குடிக்க எல்லாம் கேன் தண்ணீர்தான். 24ம் தேதி மாலை பூண்டை உரித்து, இஞ்சியோடு சேர்த்து அம்மியில் அரைத்து, உப்பும் எண்ணெயும் கலந்து மூடி வைத்தேன். மிளகாய்த்தூள், மல்லித்தூள், பட்டை, கிராம்பு எல்லாவற்றையும் அளந்து கிண்ணங்களில் எடுத்து வைத்தேன். வெங்காயத்தை மட்டும் நறுக்கவில்லை. பிரிட்ஜ் இல்லாத வீட்டில் ராத்திரியே நறுக்கினால் வாடை வந்துவிடும். கோழியும் காலையில்தான். பாய் கடையில் வாங்கியதால் எங்கள் தெருவில் எல்லோரும் சாப்பிடலாம். இவ்வளவும் முடித்துவிட்டுப் பூசைக்குப் போனேன். மனசு அடுப்படியில் இல்லாமல் பூசையில் இருந்தது அந்த வருஷம்தான்.

ஒரு மணியிலிருந்து பின்னோக்கி

பழகாதவர்களுக்கு நான் சொல்லும் முக்கியமான யோசனை இது. சாப்பாடு ஒரு மணி என்றால், அங்கிருந்து பின்னோக்கி எண்ணிக் காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். ஒன்பது மணிக்கு வெங்காயம், தக்காளி நறுக்குவது, முட்டை அவிப்பது. பத்து மணிக்குக் குழம்பு. பத்தரைக்கு அடுத்த அடுப்பில் தொக்கு. பதினொன்றரைக்கு அரிசி ஊற வேண்டும். பதினொன்றே முக்காலுக்குக் குஸ்கா தாளிப்பு. பன்னிரண்டரைக்கு நான் முகம் கழுவிப் புடவை மாற்ற வேண்டும். ஆமாம், அதையும் எழுதி வையுங்கள். எழுதாவிட்டால் நடக்காது!

குழம்புக்கு: அகலமான பாத்திரத்தில் 150 மில்லி எண்ணெய், பட்டை, கிராம்பு. அரைக் கிலோ வெங்காயத்தைப் பொன்னிறமாகும் வரை பொறுமையாக வதக்க வேண்டும். கால் மணி நேரம் ஆகும், அவசரம் கூடாது. இஞ்சி பூண்டு விழுது நாலு மேஜைக் கரண்டி போட்டுப் பச்சை வாடை போன பிறகு, அரைக் கிலோ தக்காளி. அது கரைந்ததும் தீயைக் குறைத்து மிளகாய்த்தூள் நாலு தேக்கரண்டி, மல்லித்தூள் ஆறு, மஞ்சள்தூள் ஒன்று. நாற்காலியில் உட்கார்ந்தபடியே மாமியார், "சத்தத்தக் கேளு. மொதல்ல தண்ணி சத்தம் வரும், அப்பால பொரியற சத்தம் வரும். அப்பத்தான் எண்ணெ பிரிஞ்சுதுன்னு அர்த்தம்" என்றார். பார்க்காமலே காதால் சமைத்தார் அன்றைக்கு. கோழியைப் போட்டு ஐந்து நிமிஷம் பிரட்டி, இரண்டு டம்ளர் வெந்நீர், உப்பு பாதி அளவு மட்டும். மூடி வைத்து 25 முதல் 30 நிமிஷம். எலும்பு ஓரத்தில் சிவப்பு தெரியக் கூடாது. கடைசியில் ஒரு தேங்காயின் கெட்டிப்பால் விட்டு, ஒரு கொதி வந்ததும் இறக்கிவிட்டேன். காரம் தூக்கலாக இருந்தால் பால் அடக்கிவிடும். உப்புப் பார்த்தது மாமியார்தான். "இன்னும் ஒரு கல்லு" என்றார். போட்டேன்.

குஸ்காவுக்கு: ஐந்து லிட்டர் குக்கர் இரண்டு, ஒவ்வொன்றிலும் முக்கால் கிலோ அரிசி, அதாவது சுமார் நாலு டம்ளர். அரிசியை 20 நிமிஷம் ஊறவிட்டு வடித்துக்கொள்ள வேண்டும். எண்ணெயும் நெய்யும் விட்டு, பட்டை, ஏலக்காய், வெங்காயம் இரண்டு, பச்சை மிளகாய் நாலு, விழுது, தக்காளி இரண்டு, புதினா, மல்லி ஒரு கைப்பிடி வதக்கி, அரை டம்ளர் தயிரும் தண்ணீருமாக ஆறு டம்ளர். ஒன்றுக்கு ஒன்றரை, இதுதான் பாசுமதி கணக்கு. கொதிக்கும்போது தண்ணீரை நாக்கில் வைத்தால் உப்பு ஒரு துளி தூக்கலாகத் தெரிய வேண்டும். அரிசி போட்டு, ஒரு விசில் வந்ததும் தீயைக் குறைத்து ஐந்து நிமிஷம். அணைத்த பிறகு ஆவி தானாக அடங்கும்வரை குக்கரைத் தொடக் கூடாது. கறி படாத குஸ்காவை முதலில் எடுத்து, பக்கத்து வீட்டு அக்காவுக்கு அவர் குக்கரோடு அனுப்பினோம்.

நாத்தனாரின் கணவர் பத்து மணிக்கு முன்னாலேயே குண்டானைத் தோளில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார். அந்தக் குண்டானில்தான் குழம்பு கொதித்தது. பந்திப் பாய் விரித்தது, இலை போட்டது, பரிமாறியது எல்லாம் அவரே. இறாலைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. மாமியாருக்குக் கை ஆகாததால் பேத்தி ஊட்டிவிட்டாள். குழம்பை ஒரு வாய் வாங்கிக்கொண்டு, "மாப்ளே, கொயம்பு உங்க குண்டான்ல வெச்சதுதான். இன்னும் ரெண்டு துண்டு போட்டுக்குங்க" என்றார். அவரும் மறுக்காமல் போட்டுக்கொண்டார். எனக்கு அது போதும்.

மிச்சம் வைக்கவில்லை. பிரிட்ஜ் இல்லாதபோது சோறு, கறியை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைத்திருந்து சாப்பிடக் கூடாது. அதனால் மூன்று மணிக்குள் தூக்குகளில் போட்டுத் தெருவில் நாலு வீடுகளுக்குக் கொடுத்துவிட்டோம். பாத்திரம் துலக்கியது சொன்னபடியே என் கணவர்.

இப்போது மாமியார் கை சரியாகிவிட்டது. புது பிரிட்ஜும் வந்துவிட்டது. ஆனாலும் எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸுக்கு இன்றும் இதே இரண்டு பாத்திரம்தான். "இன்னொரு அயிட்டம் செய்யலாமா?" என்று யாராவது ஆரம்பித்தால், "நீ செய், நாங்க சாப்பிடறோம்" என்று மாமியாரே வாயை அடைத்துவிடுகிறார்.

சகோதரிகளே, விருந்தாளிக்கு நம் இலையில் எத்தனை பண்டம் என்பது ஒரு வாரத்தில் மறந்துவிடும். நாம் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோமா என்பது மறக்காது. இந்த டிசம்பரில் பட்டியல் போடும்போது, கடைசியில் உங்களுக்கும் ஒரு இலை எழுதிக்கொள்ளுங்கள்.

– ஒரு வாசகி, சடையங்குப்பம்.