லாரி பிடிக்கிறீங்களா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் 5 நிமிஷம் இதைப் பாருங்க!

தாம்பரம்:-
மாசக் கடைசி வந்தாலே சேலையூர், செம்பாக்கம், பெருங்களத்தூர், ஊரப்பாக்கம் பக்கம் தெருவுக்குத் தெரு வீடு மாற்றும் வண்டி நிற்கும். பீரோ, கட்டில், பிரிட்ஜ், வாஷிங் மெஷின் என்று பல வருஷம் தவணை கட்டிச் சேர்த்த மொத்த சொத்தும் ஒரே வண்டியில் ஏறிவிடும்.

ஆனால் அந்த வண்டி யாருடையது, ஓட்ட அனுமதி இருக்கிறதா என்று கேட்பவர் சிலர்தான். செல்போனில் தேடினால் முதலில் வரும் நம்பருக்கு போன் போடுவது, ஆயிரமோ இரண்டாயிரமோ அட்வான்ஸ் அனுப்புவது, அதோடு சரி. பாதி வழியில் வண்டியை நிறுத்தி, "இன்னும் பத்தாயிரம் கொடுத்தால்தான் இறக்குவோம்" என்று மிரட்டும்போதுதான் பேப்பரைத் தேடுவோம். கையில் ஒன்றும் இருக்காது.

கொஞ்சம் உஷாராக இருந்தால் இந்தத் தலைவலியைத் தவிர்க்கலாம். எதை எதைப் பார்க்க வேண்டும்?

நம்பர் பிளேட் என்ன கலர்?

வாடகைக்கு சரக்கு ஏற்றும் வண்டிக்கு மஞ்சள் போர்டில் கறுப்பு எழுத்து இருக்க வேண்டும். பேட்டரி வண்டி என்றால் பச்சை போர்டில் மஞ்சள் எழுத்து. வெள்ளை போர்டு, கறுப்பு எழுத்து என்றால் அது சொந்த உபயோக வண்டி. அதை வாடகைக்கு ஓட்டுவது தப்பு. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்க அதுவே போதும்.

நம்பரே இல்லாமல் ஓடும் மோட்டார் வைத்த மீன்பாடி வண்டியில் வீட்டு சாமானை ஏற்றினால், தொலைந்தால் யாரைத் தேடுவது? கவனம்.

டி.என்.11 தாம்பரம், டி.என்.22 மீனம்பாக்கம், டி.என்.14 சோழிங்கநல்லூர், டி.என்.19 செங்கல்பட்டு. நம்ம ஏரியா நம்பர் என்பதற்காக மட்டும் நம்பிவிடக் கூடாது. வண்டி எத்தனை கை மாறியதோ யாருக்குத் தெரியும்?

செல்போனிலேயே பார்க்கலாம்

மத்திய அரசின் 'எம்பரிவாகன்' ஆப் இலவசம். வண்டி நம்பரைப் போட்டால் என்ன ரக வண்டி, எப்.சி. எதுவரை, இன்சூரன்ஸ் எதுவரை, புகை சான்று இருக்கிறதா என்பதெல்லாம் வந்துவிடும். உரிமையாளர் பெயரில் சில எழுத்தை மறைத்துக் காட்டும். பேரம் பேசும்போதே வண்டி நம்பரை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்க. நம்பர் தர மறுத்தால் வேறு ஆளைப் பார்ப்பது நல்லது. வண்டி வந்ததும் அதே நம்பர்தானா என்று ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்குங்க.

எப்.சி. விஷயத்தில் ஒரு கணக்கு. புது சரக்கு வண்டிக்கு முதலில் 2 வருஷம். வண்டிக்கு 8 வயது ஆகும்வரை 2 வருஷத்துக்கு ஒரு முறை. அதற்குப் பிறகு வருஷா வருஷம் எப்.சி. காட்ட வேண்டும்.

பர்மிட் யாருக்கு வேணும்?

இங்கேதான் பலருக்கும் குழப்பம். 1988-ம் ஆண்டு மோட்டார் வாகன சட்டம் 66-வது பிரிவுப்படி வாடகை சரக்கு வண்டிக்கு பர்மிட் கட்டாயம். ஆனால் சரக்கோடு சேர்த்து மொத்த எடை 3 ஆயிரம் கிலோவுக்கு மிகாத வண்டிக்கு விலக்கு உண்டு. அதனால் 'குட்டி யானை' என்று நாம் சொல்லும் டாடா ஏஸ் வண்டிக்கு பர்மிட் தேவையில்லை. பேட்டரி வண்டிக்கும் 2018 முதல் விலக்கு இருக்கிறது. 407, ஈச்சர் போன்ற பெரிய வண்டிக்கு பர்மிட் வேண்டும். சந்தேகம் வந்தால் ஆர்.சி.யில் மொத்த எடை எவ்வளவு என்று பாருங்க.

மதுரை, நெல்லை என்றால் தமிழ்நாடு பர்மிட் போதும். பெங்களூரு, திருப்பதி என்று பர்மிட் தேவைப்படும் பெரிய வண்டியில் அனுப்பினால், நேஷனல் பர்மிட் இருக்கிறதா, தேதி முடியாமல் இருக்கிறதா என்று கேளுங்க.

பர்மிட் இல்லாமல் பிடிபட்டால் 2019 சட்டத் திருத்தத்துக்குப் பின் அபராதம் 10 ஆயிரம் ரூபாய். 6 மாதம் வரை ஜெயிலுக்கும் சட்டத்தில் இடம் உண்டு. அது வண்டிக்காரர் பாடு என்று விட முடியாது. வண்டியைப் பிடித்து வைத்தால் உள்ளே இருப்பது உங்க சாமான்.

பர்மிட் இல்லாமல் ஓடிய லாரி வழக்கில் 2018-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பையும் தெரிந்துகொள்ள வேண்டும். விபத்தில் பாதிக்கப்பட்டவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் பணம் கொடுத்துவிட்டு, அதை லாரி உரிமையாளரிடம் வசூலிக்கலாம் என்பதே அந்தத் தீர்ப்பு.

டிரைவர் லைசென்சில் 'பேட்ஜ்' இல்லையே என்று சின்ன வண்டி டிரைவரிடம் சண்டை போட வேண்டாம். சரக்கோடு சேர்த்து வண்டியின் மொத்த எடை 7 ஆயிரத்து 500 கிலோவுக்குள் இருந்தால் சாதாரண இலகு வாகன லைசென்சே போதும் என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்துவிட்டது.

கம்பெனி அசலா, போலியா?

புக்கிங் ஆபீஸ் வைத்து பலரிடம் சரக்கு வாங்கி அனுப்பும் கம்பெனி என்றால் வண்டி பேப்பர் மட்டும் பத்தாது. 2007-ம் ஆண்டு சாலை சரக்குப் போக்குவரத்து சட்டப்படி கம்பெனியே பதிவு செய்திருக்க வேண்டும். 2011 மார்ச்சில் இருந்து இந்தச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. பதிவு சான்றிதழ் 10 வருஷம் செல்லும். காட்டச் சொல்லிக் கேட்பது உங்க உரிமை.

பில்லில் ஜி.எஸ்.டி. நம்பர் இருந்தால் அரசு ஜி.எஸ்.டி. இணையதளத்தில் போட்டுப் பாருங்க. மொத்தம் 15 எழுத்து. தமிழ்நாடு என்றால் 33-ல் ஆரம்பிக்கும். விளம்பரத்தில் ஒரு பெயரும் இதில் வேறு பெயரும் வந்தால் உஷார்.

'இ-வே பில் போட தனியா காசு' என்று கேட்டால் ஏமாற வேண்டாம். உபயோகித்த வீட்டு சாமானுக்கு இ-வே பில் தேவையே இல்லை.

அமெரிக்காவிலும் இதே கதைதான். அங்கே மாநிலம் விட்டு மாநிலம் வீடு மாற்றித் தரும் கம்பெனிக்கு மத்திய அரசு நம்பர் தரும். அதைப் போட்டு அனுமதி உயிரோடு இருக்கிறதா என்று பார்த்த பிறகே புக் செய்யுங்கள் என்று அந்த அரசே மக்களுக்குச் சொல்கிறது.

ரசீதில் ஒரு ரகசியம்

சரக்கு அனுப்பும்போது பொருளின் பட்டியலையும் மதிப்பையும் எழுதி, ரசீது வாங்குங்க. சாமான் தொலைந்தால் வாடகையின் 10 மடங்கு வரைதான் கம்பெனி பொறுப்பு என்பது சட்ட விதி. வாடகை 8 ஆயிரம் என்றால் 80 ஆயிரம்தான். உள்ளே 3 லட்ச ரூபாய் சாமான் இருந்தாலும் அவ்வளவுதான். அதற்கு மேல் வேண்டுமென்றால் கூடுதல் கட்டணம் கட்டி முன்கூட்டியே எழுதி வாங்க வேண்டும். லாரிக்கு எடுத்த இன்சூரன்ஸ் உள்ளே இருக்கும் சாமானுக்கு உதவாது. அதற்கு டிரான்சிட் இன்சூரன்ஸ் தனி.

சாமான் மேல் உட்கார்ந்து போவதும் வேண்டாம். உயிருக்கு ஆபத்து. ஓசிப் பயணம் என்று சொல்லி இன்சூரன்ஸ் நஷ்டஈடும் கை நழுவிப் போகலாம்.

ஏமாந்துவிட்டால்?

சாமான் உடைந்தால், தொலைந்தால் புக் செய்த நாளில் இருந்து 180 நாளுக்குள் கம்பெனிக்கு எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். இதை விட்டால் வழக்கு நிற்காது. ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதை பத்திரப்படுத்துங்க.

நுகர்வோர் உதவிக்கு 1915. ஆன்லைனில் பணம் அனுப்பி ஏமாந்திருந்தால் உடனே 1930. சாமானை இறக்க மறுத்து மிரட்டினால் 100 அல்லது 112. நுகர்வோர் ஆணையத்தில் 2 வருஷத்துக்குள் புகார் கொடுக்கலாம். கொடுத்த கட்டணம் 5 லட்ச ரூபாய் வரை என்றால் புகாருக்கு பீஸ் கிடையாது. வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம்.

நேர்மையாக வண்டி ஓட்டிப் பிழைக்கும் டிரைவர்கள் நம்ம ஊரில் நிறைய பேர் இருக்கிறார்கள். அவர்கள் பேப்பரைக் காட்டத் தயங்க மாட்டார்கள். 500 ரூபாய் குறைவு என்று தெரியாத நம்பருக்கு பணம் அனுப்பும் முன், வண்டி நம்பரைக் கேட்டு ஒரு தடவை தட்டிப் பாருங்க.