வந்தோரும் இருந்தோரும்

விருதுநகர் மாவட்டம் மழை குறைந்த கரிசல் நிலம். வானம் பார்த்த வேளாண்மை போதிய வாழ்வளிக்காத நிலையில், சிவகாசி வட்டார மக்கள் தீப்பெட்டி, பட்டாசு, அச்சுத் தொழில்களை நாடினர். நீரும் நிலையான வேலையும் அரிதான இம்மண்ணில்தான் குல்லூர்சந்தை, செவலூர், ஆனைக்கூட்டம் முதலிய இலங்கைத் தமிழர் முகாம்களும் உள்ளன. 1983ஆம் ஆண்டு ஜூலைக் கலவரத்துக்குப் பின் கடல் கடந்து வந்தோரும் அவர்தம் வழியினரும் இத்தகைய முகாம்களில் வாழ்கின்றனர்.

வெவ்வேறு மக்கள் அருகருகே குடியேறினால் பண்பாட்டு வேறுபாடே பூசலுக்கு வித்திடும் என்பது பொதுவான எண்ணம். இங்கோ இருசாராரும் தமிழரே. ஒருவர் 'கதைத்தல்' என்பதை மற்றவர் 'பேசுதல்' என்பர். அதற்காக எவரும் சண்டையிடுவதில்லை. பிணக்கு தோன்றும் இடங்கள் வேறு: குழாயடி, கூலி, அரசு உதவி.

இவற்றுள் கூலியே கூர்மையானது. முகாமில் வாழ்பவருக்குச் சொந்த நிலமில்லை. அன்றாட வேலையே வாழ்வு. குறைந்த கூலிக்கும் அவர் இசைவார் என்று வேலை கொடுப்பவர் கருதினால், உள்ளூர்த் தொழிலாளியின் கூலியும் இறங்கும். உள்ளூரார் சினம் அப்போது வேலை கொடுத்தவர்மேல் செல்லாமல், உடன் உழைப்பவர்மேல் பாய்கிறது. சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி இருசாராருக்கும் ஒரே அளவில் நடைமுறையானால் இப்பகையின் வேர் அறுபடும். அறிவுரைக் கூட்டங்களால் ஆகாததைக் கூலிப் பட்டியல் ஒன்று செய்துவிடக்கூடும்.

உதவியும் அப்படியே. முகாமுக்குப் பணமும் அரிசியும் வரும்போது, வேலியின் மறுபுறத்து ஏழைக்கு ஏக்கம் எழுவது இயல்பு. ஏதிலியருக்கான உதவியில் ஏறத்தாழ முப்பது விழுக்காடு அவர்களை ஏற்ற ஊர்களுக்கும் சேரவேண்டும் என்னும் நெறியை உகாண்டா நாடு வகுத்தது. வந்தவர்களால் நமக்கும் பள்ளி கிடைத்தது, கிணறு கிடைத்தது என்று ஊரார் கருத அது வழி செய்கிறது.

தமிழகத்திலும் இதற்கு முன்மாதிரி உண்டு. 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தப்படி தாயகம் திரும்பிய மலையகத் தமிழர் உள்ளிட்டோருக்காக 1969இல் ரெப்கோ வங்கி தொடங்கப்பட்டது. வந்தவர்களின் நலனுக்காகத் தோன்றிய அவ்வங்கி பின்னாளில் பொதுமக்களுக்கும் கடன் வழங்கியது.

ஒரு சிலரின் குற்றத்தை ஒரு கூட்டத்தின்மேல் சுமத்துவது மற்றோர் இடர். 1991இல் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டபின் முகாம் மக்கள் அனைவரும் ஐயத்துக்கு ஆளாயினர். அக்கொலையோடு எத்தொடர்பும் இல்லாத மாணவர்கள் கல்லூரி வாய்ப்பை இழந்தனர். சில ஆண்டுகளுக்குப் பின்னரே அது மீண்டது. இழந்த படிப்பாண்டுகளோ மீளவில்லை.

2021இல் தமிழக அரசு இவற்றை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' எனப் பெயர் மாற்றியது. 7,469 வீடுகள் கட்டப்படும் எனவும் அறிவித்தது. பெயரும் வீடும் மாறினாலும் குடியுரிமை எளிதில் வருவதில்லை. 1987ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளுக்குப் பின் இந்தியாவில் பிறந்தவர், பெற்றோருள் ஒருவரேனும் இந்தியக் குடிமகனாக இல்லாவிடில், பிறப்பால் குடியுரிமை பெற இயலாது. உள்ளூர்ப் பிள்ளையோடு ஒரே வகுப்பில் ஒரே பாடத்தைப் படித்துத் தேர்ந்த முகாம் மாணவர், குடியுரிமைச் சான்று கோரும் அரசுப் பணியின் வாயிலில் தனித்து நிற்க நேர்கிறது.